அசல் படத்தை அழித்துவிடாதீர்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்தத் தை மாதம் முதல், எங்கள் ஸ்டூடியோவில் எடுக்கும் திருமணம், வளைகாப்பு, காதணி விழா, மணிவிழாப் படங்களைப் பென் டிரைவில் கொடுக்கும்போது இரண்டு ஃபோல்டர்களாகப் பிரித்துக் கொடுக்கிறோம். ஒன்றின் பெயர் ‘அசல்’, மற்றொன்றின் பெயர் ‘பகிர’. இரண்டிலும் இருப்பவை அதே படங்கள்தான், முதலாவதில் முழு அளவில், இரண்டாவதில் சுருக்கிய அளவில். அப்படியானால் எதற்கு இரண்டு, பெரியதை அழித்துவிட்டால் இடம் மிச்சமாகுமே என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். ஏன் என்பதைக் கடையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடிவதில்லை என்பதால் எழுதுகிறோம்.

எங்கள் கேமராவில் எடுக்கும் ஒரு படம் 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். 24 மெகாபிக்சல் என்று சொல்வது இதைத்தான். கோப்பின் அளவு பெரும்பாலும் 8 முதல் 12 எம்பி வரை வரும். இனி அதைப் பார்க்கும் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் மாட்டியிருக்கும் ஃபுல் எச்டி தொலைக்காட்சியில் இருப்பதே 1920-க்கு 1080 பிக்சல்தான், அதாவது ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள். மீதியைக் காட்ட அந்தத் திரையில் இடமே இல்லை. ஆகவே நீளமான பக்கம் 2048 பிக்சல் இருக்கும்படி சுருக்கிய படம் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ பார்ப்பதற்குத் தாராளமாகப் போதும். கோப்பும் ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். ‘பகிர’ ஃபோல்டரில் இருப்பவை இப்படிச் சுருக்கியவை. மொபைல் டேட்டா குறைவாக இருக்கும் ஊரிலிருந்தும் தயங்காமல் அனுப்பலாம்.

நாமே எதற்குச் சுருக்க வேண்டும், வாட்ஸ்அப் தானாகவே சுருக்கிக்கொள்கிறதே என்றும் கேட்கிறார்கள். சுருக்குகிறது, உண்மைதான். ஆனால் எவ்வளவு சுருக்குவது, எதைத் தியாகம் செய்வது என்பதை அந்தச் செயலியே முடிவு செய்கிறது. சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளமான பக்கம் 1600 பிக்சல் அளவுக்குக் குறைந்துவிடுகிறது, தரத்தையும் நன்றாகவே இறக்கிவிடுகிறது. 2023-இல் எச்டி என்ற தெரிவு வந்தது. படம் அனுப்பும்போது மேலே இருக்கும் அந்தப் பொத்தானை ஒருமுறை தட்டினால் நிலைமை எவ்வளவோ தேவலை. துளியும் மாறாமல் போய்ச் சேர வேண்டும் என்றால், படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள்.

வந்த படத்தை அப்படியே ஃபார்வர்டு செய்வதால் அது மேலும் கெட்டுவிடாது. கெடுவது நாம் கை வைக்கும்போதுதான். இறக்கிய படத்தை ஒருவர் ஓரம் வெட்டிச் சேமிக்கிறார். அதில் வாழ்த்து எழுதி இன்னொருவர் சேமிக்கிறார். அதை மற்றொருவர் ஸ்டேட்டஸில் வைக்க, நான்காமவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார். ஜெராக்ஸ் எடுத்த தாளையே மறுபடி மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து எப்படி மங்குமோ அதே கதைதான் படத்துக்கும்.

இது ஏன் நடக்கிறது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்கிறோம், தெரிந்துகொண்டால் பிறகு மறக்காது. நாம் பயன்படுத்தும் ஜேபெக் என்ற சேமிப்பு முறை 1992-இல் தரப்படுத்தப்பட்டது. அது படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கமான மாற்றங்களை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதி வைக்கிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைக் கொஞ்சம் மந்தமாகவும் பார்ப்பதால், நிறத்தைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கிறது. விட்டது விட்டதுதான், பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இப்படித் திருத்தித் திருத்தி ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் விட்டுப்போகிறது.

காஞ்சிபுரம் பட்டுப் புடவையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அரக்கு நிற உடலும் பச்சைக் கரையும் கோர்வையாகச் சேரும் இடத்தை அசல் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு நிறமும் பிசிறில்லாமல் பிரிந்து நிற்கும், கரையில் உள்ள மயிலின் கொண்டைகூட ஜரிகை இழை இழையாகத் தெரியும். அதே படத்தைப் பல கை மாறிய பிரதியில் பெரிதாக்கினால், சிவப்பு பச்சைக்குள் கசிந்திருக்கும். ஜரிகையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக அழுக்குப் படிந்திருக்கும். மயில் இருந்த இடத்தில் மஞ்சள் திட்டுதான் மிஞ்சும். நெசவாளர் கை நோக நெய்ததையும், நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்ததையும் இப்படி இழப்பது எங்களுக்கு மனசு கேட்பதில்லை.

ஜேபெக்கில் சேமிக்கும்போது எவ்வளவு தரம் வேண்டும் என்று மென்பொருள் ஓர் எண்ணைக் கேட்கும். அதை உச்ச அளவான 100 என்று வைக்கத் தேவையில்லை. கோப்பு பெருக்குமே தவிர, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நாங்கள் வைப்பது 85. 60-க்குக் கீழே போனால் கன்னத்திலும் வானத்திலும் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

எங்களை மிகவும் வருத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிவிட்டால், பதினாறாம் நாள் காரியத்துக்குள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாலை போட வேண்டும். அழுத கண்ணோடு வரும் பிள்ளைகள் கைப்பேசியை நீட்டுகிறார்கள். பேத்தியின் கல்யாண மேடையில் எல்லோரோடும் நின்று எடுத்த குழுப் படம், வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் அப்பாவின் முகம் 90 பிக்சல் அகலம்கூட இருப்பதில்லை. 12-க்கு 18 அங்குலப் பிரிண்ட் கூர்மையாக வர வேண்டுமானால் அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும். 90 பிக்சலை வைத்துக்கொண்டு அதில் பாதியைக்கூட எட்ட முடியாது. இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்திருக்கின்றன, பளிச்சென்று ஒரு முகத்தை வரைந்து தந்துவிடும். ஆனால் இல்லாத விவரத்தை அது ஊகித்துத்தான் நிரப்புகிறது. கண்ணோரச் சுருக்கமும், உதட்டோர மச்சமும், பல் வரிசையும் மாறிப்போய்விடும். அம்மா அதைப் பார்த்துவிட்டு “இது அவர் மாதிரியே இல்லையே” என்று சொல்லும்போது எங்களிடம் பதில் இருப்பதில்லை.

அதே குழுப் படத்தின் அசல் எங்காவது ஒரு பென் டிரைவில் இருந்தால், அந்த முகம் 340 பிக்சல் அகலத்தில் கிடைக்கும். அதை வைத்து 8-க்கு 10 அங்குலத்தில் மனநிறைவான படம் ஒன்றைச் செய்துவிடலாம். எனவே ‘அசல்’ ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், பிரதி எடுங்கள், ஆனால் அதற்குள் இருக்கும் கோப்பில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள். பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்பாமல் கணினியிலோ ஹார்டு டிஸ்கிலோ இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கணினியில் ஓராண்டுக்கு மேல் வைத்திருக்க இடம் இருப்பதில்லை.

நீங்களே எடுத்த படங்களைச் சுருக்க விலை கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். விண்டோஸ் கணினியில் இர்ஃபான்வியூ என்ற சிறிய மென்பொருள் வீட்டு உபயோகத்துக்கு இலவசம். படத்தைத் திறந்து கன்ட்ரோலையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அளவு மாற்றும் பெட்டி வரும். நீளமான பக்கத்துக்கு 2048 என்று கொடுங்கள். அகல உயர விகிதத்தைக் காக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது இருந்தால் மறுபக்கம் தானாகவே சரியாகிவிடும். பிறகு ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். வெறும் ‘சேவ்’ கொடுத்தால் அசலின் மேலேயே சுருக்கிய படம் எழுதப்பட்டுவிடும், போனது போனதுதான். நூறு படங்களை ஒரே மூச்சில் சுருக்கும் வசதியும் அதிலேயே உண்டு. கைப்பேசியில் என்றால் கூகுள் குழுவினர் உருவாக்கிய ஸ்கூஷ் என்ற தளத்தை உலாவியில் திறந்து பயன்படுத்தலாம். படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாமல் அங்கேயே சுருக்கப்படுகிறது. பெயர் தெரியாத இணையதளங்களில் வீட்டுப் பெண்களின் படத்தையோ ஆதார் அட்டையையோ ஏற்றிச் சுருக்குவதை நாங்கள் அறவே வேண்டாம் என்கிறோம்.

பழைய வாடிக்கையாளர்கள் தங்கள் பென் டிரைவையோ ஹார்டு டிஸ்கையோ கொண்டுவந்தால் ‘பகிர’ ஃபோல்டரைக் கட்டணமில்லாமல் போட்டுத் தருகிறோம். முகூர்த்த நாட்களைத் தவிர்த்து வந்தால் உடனே முடித்துக் கொடுக்க வசதியாக இருக்கும்.

அடிக்கடி வரும் வேறு சில கேள்விகள். இணையத்தில் போட 72 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) ஆக்கித் தாருங்கள் என்கிறார்கள். திரைக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. 2048 பிக்சல் படத்தில் 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் கைப்பேசியில் ஒன்றுபோலத்தான் தெரியும், அது பிரிண்டருக்கான குறிப்பு மட்டுமே. ஐபோனில் எடுத்த படம் கணினியில் திறக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஹெய்க் என்ற முறையில் அது சேமிக்கிறது. எங்களிடம் அப்படியே கொடுங்கள், நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு விழா அறிவிப்பு போல எழுத்து நிறைந்தவற்றை ஜேபெக்கில் சேமித்தால் எழுத்தின் விளிம்பு பிசிறடிக்கும். அவற்றுக்கு எதையும் இழக்காமல் சேமிக்கும் பிஎன்ஜி முறைதான் ஏற்றது. கல்யாணப் படத்தைப் பிஎன்ஜியில் சேமித்தால் கோப்பு பல மடங்கு பெருத்துவிடும், அங்கே அது வேண்டாம்.

கைப்பேசி கேமராவில் இடக்குறிப்பு இயங்கிக்கொண்டிருந்தால், எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரமும் படத்தின் உள்ளேயே பதிந்திருக்கும். டாக்குமென்டாக அனுப்பும்போது அதுவும் சேர்ந்தே போகும். குழந்தையின் படத்தையும் வீட்டு வாசல் படத்தையும் முன்பின் தெரியாதவர்களுக்கு அப்படி அனுப்பாதீர்கள். நாங்கள் தரும் ‘பகிர’ ஃபோல்டரில் இந்த விவரத்தை நீக்கியே வைத்திருக்கிறோம்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐபிபிஎஸ் வங்கித் தேர்வுக்குப் புகைப்படம் 200-க்கு 230 பிக்சலில் 20 முதல் 50 கேபிக்குள்ளும், கையெழுத்து 140-க்கு 60 பிக்சலில் 10 முதல் 20 கேபிக்குள்ளும் கேட்கிறார்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் 35-க்கு 45 மில்லிமீட்டர். அந்த விகிதம் வேறு, இந்த விகிதம் வேறு. விகிதத்தைக் காக்கும் கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டு 200-க்கு 230 என்று திணித்தால் முகம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அகன்றுவிடும், தேர்வு மையத்தில் ஆளையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வர இடம் கொடுத்ததாகிவிடும். முதலில் தலைக்கு மேலேயும் தோளுக்குக் கீழேயும் கொஞ்சம் வெட்டி விகிதத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு சுருக்குங்கள். கேபி கூடினால் தரத்தை 85-இலிருந்து படிப்படியாக இறக்குங்கள். கையெழுத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்டு, சுற்றியுள்ள வெற்றிடத்தை ஒட்ட வெட்டிவிட்டுச் சுருக்கினால்தான் அந்தச் சின்ன இடத்தில் தெளிவாக விழும். ஒவ்வொரு தேர்வுக்கும் அளவு மாறும் என்பதால், அந்த ஆண்டு அறிவிப்பில் இருப்பதைப் பார்த்துச் செய்யுங்கள். எங்களிடம் வருவதாக இருந்தால் அறிவிப்பின் அந்தப் பக்கத்தைக் கையோடு கொண்டுவாருங்கள், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்டூடியோ குடும்பத்தார்