தரையில் உட்காரக் கூடாது என்று ஒரு சீட்டு

பீடித் தொழிலாளர் நல மருந்தகங்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கத்து மருந்தகத்தில் என் இடுப்பு வலிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து நாளைக்கு வலி மாத்திரை, ஒரு மாதத்துக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. அதற்குக் கீழே, கோடு போட்டு ஒரு வரி: 'நெடுநேரம் தரையில் உட்காரக் கூடாது.' சீட்டைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சுவரோரம் தரையில் உட்கார்ந்து சுளகை மடியில் எடுத்து வைத்தேன். 1000 பீடி என்றால் 25 பீடிக் கட்டு 40. கடையில் எண்ணிக் கொடுத்தால்தான் கூலி. சீட்டைக் கொடுத்தால் யாரும் எண்ண மாட்டார்கள்.

டாக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சின்ன வயதுப் பிள்ளை, முகம் சுளிக்காமல்தான் பார்த்தார். ஆனால் அந்தச் சீட்டை வாங்க மூன்று மணி நேரம் காத்திருந்தோமே, எங்கே உட்கார்ந்து காத்திருந்தோம் என்று கேட்டுப் பாருங்கள். அங்கே இரண்டு பெஞ்சுதான். வயதான ஆச்சிமாருக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டு, மற்றவர்கள் எல்லாரும் தரையில்தான்.

"நாற்காலியில் உட்கார்ந்து சுற்றினால் என்னம்மா?" என்று டாக்டர் கேட்டார். நியாயமான கேள்வி. அதைச் செய்தும் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் மடி சரிகிறது, மடி சரிந்தால் சுளகு சரிகிறது. ஒரு கையில் இலை, மறு கையில் ஒரு சிட்டிகை புகையிலைத் தூள். சுளகைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டினால்தான் சுளகு அசையாமல் நிற்கும். அரை மணி நேரத்தில் கால்மாடு முழுக்கத் தூள். சிந்திய தூளுக்குக் கணக்கு நான்தானே சொல்ல வேண்டும்? ஸ்டூலைப் போட்டு அதன்மேல் சுளகை வைத்தேன். கழுத்து வலியும் கூடச் சேர்ந்துகொண்டது. மின்விசிறியைப் போட்டால் தூள் பறக்கிறது, நனைத்து வைத்த இலை காய்ந்து முறிகிறது. ஆகவே வேர்வையோடு அதே தரை, அதே சுவர்.

உட்கார்ந்திருக்கும்போதுகூடச் சமாளித்துவிடலாம். எழும்போதுதான் தெரியும். மடக்கிய கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கையால் தூக்கி நீட்டிவிட்டு, சுவரைப் பிடித்து முட்டி போட்டு, பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிட்டு, அவர் ஒரு கை கொடுக்க எழுந்து நிற்பேன். நின்றதும் இடுப்பில் தொடங்கி, பின்தொடை வழியாகக் கெண்டைக்காலைக் கடந்து, சுண்டுவிரல் வரைக்கும் ஒரு சூட்டுக்கம்பி இறங்கும். மதினிக்கும் அதே வலி. நான் கூப்பிடும்போது அவர் எழுந்து வர அவருடைய மகள் கை கொடுக்க வேண்டும். எங்கள் தெருவே இப்படி ஒருவர் கையைப் பிடித்து ஒருவர் எழுந்து நிற்கிற தெரு.

போன ஆண்டு வேறு வழியில்லாமல் இரண்டு பஸ் மாறிப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பிசியோதெரபி பிரிவில் ஓர் அம்மா என்னை அரை மணி நேரம் பார்த்தார்கள். என் வயதில் யாரும் என் முதுகை அரை மணி நேரம் பார்த்ததில்லை. முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டுகள் இருக்கின்றனவாம். நிமிர்ந்து நிற்பதைவிடக் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது அவற்றின்மேல் அழுத்தம் அதிகமாம். வட்டு பின்பக்கமாகப் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்தினால் வலி காலுக்கு இறங்குகிறது, அதற்குச் சயாட்டிகா என்று பெயர். கால் மரத்துப்போவது எல்லாமே அதனால் அல்ல, மடக்கிய காலில் முட்டியின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு நசுங்கினாலும் மரக்கும் என்று தொட்டுக் காட்டினார்கள்.

பிறகு குப்புறப் படுக்கச் சொல்லி, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்தச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று கணக்கு. கால் வலி மெல்ல மேலேறி இடுப்போடு நின்றுவிட்டால் நல்ல அறிகுறி, பயப்படாதே என்றார்கள். பத்தே நாளில் கெண்டைக்கால் வலி தொடைக்கு ஏறியது, பிறகு இடுப்போடு நின்றது. மாத்திரை செய்யாததை ஒரு பாயும் இரண்டு முழங்கையும் செய்தன. அடுத்த முறை வரச் சொன்ன நாளில் என்னால் போக முடியவில்லை. போனால் ஒரு நாள் பீடி போச்சு. பஸ்ஸில் உட்கார்ந்து போய்த் திரும்பினால், குறைந்திருந்த வலியும் வழியிலேயே திரும்ப வந்துவிடும். பயிற்சியில் அடுத்த படி என்ன என்று தெரியாமல் பாதியில் நின்றேன். வலி மறுபடியும் இறங்கிவிட்டது.

ஆகையால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் மருந்தகத்துக்கு வாரம் ஒரு நாள் பிசியோதெரபி தெரிந்த ஒருவரை அனுப்பிவையுங்கள்.

இன்னொன்றும் அந்த அம்மா சொன்னார்கள். முதுகு வலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் தெரியாமல் போனாலோ, வராமல் கட்டிக்கொண்டாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும் என்று. இதை நான் தெருவில் சொன்னபோது, ஓர் அக்கா என்னைத் தனியே கூட்டிப்போய் இரண்டு மாதமாகத் தமக்கு அப்படித்தான் இருக்கிறது என்றார். ஆண் டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டுச் சொல்லவில்லையாம். மருந்தகச் சுவரில் எத்தனையோ விளம்பரங்கள் ஒட்டியிருக்கின்றன. இந்த நாலு வரிக்கு இடமில்லை.

எங்கள் உடம்பைப் பற்றி யாருமே கவலைப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். பீடிக் கட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. புகைக்கிறவரின் தொண்டைக்காக நாடே பதறுகிறது, பதறட்டும். மிச்சமிருக்கும் 15 சதவீதத்தில் ஒரு மூலையில், இதைச் சுற்றியவளின் இடுப்பு படத்தையும் போட்டால் என்ன? எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் 'பீடி சுற்றத் தெரியுமா' என்று கேட்டு நிச்சயம் செய்த காலம் உண்டு. எத்தனை மணி நேரம் உட்கார முடியும் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் முடித்தவள். அதையும் யாரும் கேட்கவில்லை, போகட்டும்.

வீட்டில் வைத்துச் சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று 1966ஆம் ஆண்டிலேயே சட்டம் சொன்னது. 1976இல் எங்களுக்காக நல நிதி வந்தது, பீடிக்கு வரி போட்டு அதில் சேர்த்தார்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரி நின்றது. நிதியில்லை என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன், அது எனக்கும் தெரியும். பீடி விற்கிறவரைக்கும் அதற்கு வரி ஏதோ ஒரு பெயரில் போய்க்கொண்டுதானே இருக்கிறது? அதிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லையா? கோபமாகப் பேசுவதாக நினைக்காதீர்கள். நெடுநேரம் உட்கார்ந்து எழுதுகிறேன், வலியில் வருகிற பேச்சு இது.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். வாரம் ஒரு நாள், பிசியோதெரபி தெரிந்த ஒருவர். பெண்ணாக இருந்தால் மிக நல்லது, அந்த அக்காவைப் போன்றவர்கள் வாய் திறப்பார்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்குக் கடையில் கூலி போடுகிற நாள், ஒருவரும் வர மாட்டார்கள். செவ்வாயோ புதனோ வசதிப்படும். கட்டில், மேசை வாங்க வேண்டும் என்று கோப்பைத் தள்ளிப் போடவும் வேண்டியதில்லை. பத்தமடை எங்களுக்குத் தூரமில்லை, பாய் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
சீட்டு வாங்கியவர்களில் ஒருத்தி