விழிப்புணர்வு இல்லாதவர்களா நாங்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலையிழந்தவர்களுக்கான ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நிவாரணம் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். "தொழிலாளர்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லாததால் விண்ணப்பங்கள் குறைவு" என்று அதில் ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் எங்கள் ஊர் என்ன பாடுபட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் கம்பெனியில் ஒரு லைனையே நிறுத்திவிட்டார்கள். கணக்கு முடிக்க வரச் சொன்ன அன்று மேஜைமேல் தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம்: "என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்." பெயருக்கும் டோக்கன் நம்பருக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் பாக்கிச் சம்பளம். வாடகை கொடுக்க வேண்டியவள் என்ன செய்வாள்? போட்டேன். எல்லோரும் போட்டார்கள்.

நீங்கள் எழுதிய அந்த நிவாரணம் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம், 2018 ஜூலையில் வந்தது. சராசரி தினக்கூலியில் கால் பங்கு என்று இருந்ததை 2020-இல் பாதியாக்கினார்கள். 90 நாள் வரை கிடைக்கும், அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. கம்பெனி கையெழுத்துக்குக் காத்திருக்காமல் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். மாதம் 14,000 ரூபாய் வாங்கிய எனக்கு மொத்தம் சுமார் 21,000 ரூபாய் வந்திருக்கும். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் ஐயா விண்ணப்பித்தேன்.

நிராகரித்துவிட்டார்கள். ஏன் என்று ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்கப் போனபோது ஊழியர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே 'லெஃப்ட் சர்வீஸ்', அதாவது வேலையை விட்டு விலகிவிட்டார் என்று கம்பெனி பதிந்திருந்தது. ஆட்குறைப்பு என்று போடவும் அதே பட்டியலில் இடம் உண்டு. வேலை இல்லை என்று போடவும் இடம் உண்டு. "நீங்களாகத்தானே விலகியிருக்கிறீர்கள்" என்றார். காரணத்தை எழுதிக் கொடுங்கள், மேல்முறையீடு செய்கிறேன் என்றேன். கம்பெனியில் போய்த் திருத்தி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். என்னை வெளியே அனுப்பியவர்களிடமே போய், என்னை வெளியே அனுப்பியதாக எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டுமாம்.

அப்புறம் அந்த 78 நாள் கணக்கு. வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பீஸ் ரேட்டில் தைக்கும் என் பக்கத்து வீட்டு அக்கா ஞாயிறு தவிர எல்லா நாளும் வேலைக்குப் போனார். காண்ட்ராக்டர் ஈ.எஸ்.ஐ.யில் காட்டியது மாதத்துக்குப் பத்து நாள். அவர் விண்ணப்பத்தையும் நிராகரித்துவிட்டார்கள். ஈ.எஸ்.ஐ.க்கென்று சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பதை மட்டும் ஒரு மாதம்கூட யாரும் மறந்ததில்லை. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் சர்க்கரை மாத்திரை வெளியே வாங்கச் சொல்லி எழுதிக் கொடுப்பதைப் பற்றி முன்பு ஒரு கடிதம் போட்டேன், நீங்கள் வெளியிடவில்லை. ஏற்றுமதி எத்தனை கோடி என்பது மட்டும் தவறாமல் உங்கள் பத்திரிகையில் வருகிறது. சரி, அது உங்கள் விருப்பம்.

நான் கேட்பது சின்ன விஷயம். நிராகரிப்புக்கு எழுத்துமூலமாகக் காரணம் கேட்பது எப்படி, மண்டல அலுவலகத்துக்கு யார் பெயருக்கு மனு எழுதுவது, 1948 ஈ.எஸ்.ஐ. சட்டக் காலத்திலிருந்தே இருக்கும் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கு எங்களைப் போன்றவர்கள் போவது எப்படி என்று அதிகாரிகளிடம் கேட்டு, மாதிரி மனுவோடு தமிழில் வெளியிடுங்கள். விலகல் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கணக்கு முடிப்பதைப் பற்றியும் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால், சொல்லவில்லை என்றாவது போடுங்கள்.

இப்படிக்கு,
செக்கிங் தொழிலாளி ஒருவர், திருப்பூர்.
(பெயரை வெளியிட வேண்டாம். வேறு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறேன்.)