குடித்திருக்கிறான் என்றுதான் நானும் நினைத்தேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்திரி தொடங்கியதும் நீங்கள் வெளியிட்ட கோடைப் பக்கத்தைப் படித்தேன். நுங்கு, மோர், இளநீர், பானைத் தண்ணீர் எல்லாம் சரிதான். எந்த நேரத்தில் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது என்பதுதான் அதில் இல்லை.

போன மே மாதம் எங்கள் வீட்டு மாடிக்குத் தளம் போட்டார்கள். தளம் போடும் நாளில் பாதியில் நிறுத்த முடியாது; முடியும்வரை ஓட்டம்தான். கலவைச் சட்டி தூக்கிய பையனுக்கு இருபது வயது இருக்கும். வேலைக்கு வந்து இரண்டாவது நாள். பதினொன்றரை மணி வாக்கில் தள்ளாடினான். மேஸ்திரி ஏதோ கேட்க, சம்பந்தமில்லாமல் உளறினான். "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டான் சார்" என்றார் மேஸ்திரி. நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சரிந்து விழுந்து கைகால் இழுத்தது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், இன்னொருவர் சோடாவை வாயருகே கொண்டுபோனார்.

அதைத் தட்டிவிட்டது கூட வேலை செய்த ஓர் அக்கா. "நெனவு இல்லாதவனுக்கு ஊத்தினா மூச்சுக்குழலுக்குப் போயிடும்யா" என்றார். நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, செங்கல் நனைக்க வைத்திருந்த டிரம்மிலிருந்து வாளி வாளியாக உடம்பில் ஊற்றினார். எங்களைச் சிமெண்ட் சாக்கால் விசிறச் சொன்னார். 108 வரும்வரை கை ஓயவில்லை.

மருத்துவமனையில் பார்த்தபோதும் உடல் சூடு 104 டிகிரிக்கு மேல். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைத்தார்கள். அந்த வாளித் தண்ணீர்தான் காப்பாற்றியது என்றார் டாக்டர். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காதாம். தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு என்று இருந்து நினைவு தெளிவாக இருந்தால் நிழலில் உட்காரவைத்து உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். பேச்சு குழறினால், ஆள் தெரியாமல் முழித்தால், அது ஹீட் ஸ்ட்ரோக். உடனே உடம்பைக் குளிர வைக்க வேண்டும். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நான் நம்பியிருந்தேன். அந்தப் பையனின் சட்டையைப் பிழிந்திருக்கலாம், அவ்வளவு வியர்வை. வெயில் வேலைக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகுமாம். புதிதாக வருபவர்கள்தான் முதலில் விழுகிறார்கள். இரண்டாம் நாளே முழு வெயிலில் சட்டி தூக்கவிட்டோம்.

பையன் பிழைத்துவிட்டான். (அவனுக்கு ஒன்றரை நாள் கூலிதான் என்று மேஸ்திரி கணக்குப் பார்த்ததை என்னவென்று சொல்ல!) வெப்ப அலையை 2024-ல் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறேன். ஆனால் அது செத்த பிறகு வரும் பணம்.

அடுத்த கோடைப் பக்கத்தில் நுங்குப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, 'உளறுகிறானா? உடம்பில் தண்ணீர் ஊற்று, வாயில் ஊற்றாதே, 108-ஐக் கூப்பிடு' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் தெருவில் இப்போது மூன்று வீடு கட்டுகிறார்கள். மூன்று பிரதி வாங்கிக்கொள்கிறேன்.

— ஒரு வாசகர், காட்பாடி