கொங்கு என்றால் தேன், சரி, கொங்கு நாடு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில், ‘கொங்கு என்றால் தேன், தேன் மிகுந்ததால் கொங்கு நாடு ஆயிற்று’ என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிட்டீர்கள். கொங்குக்குத் தேன், பூந்தாது, மணம் என்றெல்லாம் அகராதியில் பொருள் உண்டு. ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ என்ற குறுந்தொகை 2ஆம் பாட்டும் தாங்கள் அறியாததல்ல. அதில் தும்பி என்னும் வண்டு இருக்கிறது, பூ இருக்கிறது, கூந்தல் இருக்கிறது. கொங்கு நாடு எங்கே இருக்கிறது? ஒலி ஒத்தால் போதும் என்றால், சோழ நாடு சோளம் விளைந்த நாடு என்று அடுத்த வாரம் எழுதிவிடலாம்.

நாட்டுப் பெயருக்கு மூலம் தேடுகிறவர், அது பழைய பாட்டில் எந்த அடைமொழியோடு வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். பதிற்றுப்பத்து 22ஆம் பாட்டைப் புரட்டியிருக்கலாம். கணிச்சி என்னும் குந்தாலியால் உடைத்துத் தோண்டிய பள்ளம். அதில் சிறுகச் சிறுக ஊறும் நீர். கயிறு கட்டிய முகவை, அதாவது நீர் இறைக்கும் கலம், மேலே வந்ததும் மொய்க்கும் மாடுகள். அந்த மாடுகளுக்கு உரியவர்கள்தான் ‘ஆகெழு கொங்கர்’, மாடு மிகுந்த கொங்கர். அகநானூறு 368இல் இடுப்பில் மணி கட்டி ‘உள்ளி’ என்னும் தங்கள் விழாவில் ஆடுகிறார்கள். மாடும் மணியும் நீர் அரிதாய் ஊறும் பள்ளமும் இருந்த இடத்தில் தேன்குடத்தைக் கொண்டுவந்து வைத்தது யார்?

இன்னொன்று. கொங்கர் வாழ்ந்ததால் கொங்கா, கொங்கில் வாழ்ந்ததால் கொங்கரா? இதற்கு விடை கண்ட பிறகுதான் பொருளுக்கே போக முடியும்.

முன்பொரு முறை, கருநாடகத்துக் கங்க மரபினரான கங்கர் ஆண்டதால் ‘கங்கு’ கொங்கு ஆனது என்றீர்கள். கங்கர் ஆட்சி தொடங்குவது கி.பி. 4ஆம் நூற்றாண்டில், கொங்கரோ அதற்கு முந்திய பாட்டிலேயே மாடு மேய்க்கிறார்கள்! அதற்கும் முன்பு ஈரோடு என்ற பெயருக்கு, ‘ஈர ஓடு’ என்று பிரமன் தலையோட்டுக் கதை. ‘ஈர் ஓடை’, அதாவது இரண்டு ஓடை, என்ற விளக்கத்துக்கு ஒரு வரி ஒதுக்கவும் பக்கத்தில் இடமில்லை போலும். நீங்கள் அச்சடித்ததைத்தான் பிள்ளைகள் கட்டுரையில் சான்றாகக் காட்டுகிறார்கள். அடித்துத் திருத்துவது எங்கள் தலையில் விழுகிறது.

திருத்தம் போடும் வழக்கம் தங்களிடம் இல்லை என்பது தெரிந்ததே. அதனால் கேட்பது இவ்வளவுதான்: இத்தகைய இடங்களில் ‘ஆயிற்று’ என்பதை எடுத்துவிட்டு ‘என்பர்’ என்று போடுங்கள். பாட்டைச் சான்று காட்டினால் பாட்டு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்,
கோபிசெட்டிபாளையம்