உமாவுக்கு, கோட்டூர்புரம் பிளாட்பாரத்துல பார்த்ததைப் பத்தி

உமா,

நாலு மாசமா உன் மெசேஜுக்கு ஒரு வரி பதில் போடலை, கோவமாத்தான் இருப்பே, திட்டறதை அப்புறமா திட்டிக்கோ. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, சின்னவ ப்ளஸ் டூ, இங்க மழை ஆரம்பிச்சாச்சு, வீட்டு நியூஸ் அவ்வளவுதான். இது போன்ல சொல்ற விஷயம் இல்லடி, சுத்தி யாராவது இருந்துட்டே இருக்காங்க, அதான் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து டைப் பண்றேன்.

தம்பியைப் பத்தி.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவோட சொட்டு மருந்து வாங்க மயிலாப்பூர் கிளம்பினேன், திருவான்மியூர்ல பறக்கும் ரயில் ஏறினேன், மணி பதினொன்னே முக்கால் இருக்கும், பெட்டியில கூட்டமே இல்லை. கோட்டூர்புரத்துல வண்டி நின்னுச்சு. ஜன்னலுக்கு நேரா பெஞ்சுல ஒருத்தன் டிபன் பாக்ஸைத் தொடை மேல வெச்சு எலுமிச்சை சாதம் சாப்பிட்டுட்டு இருக்கான், மூடியில ரெண்டு துண்டு அப்பளம், பக்கத்துல குடை, ஆபீஸ் பேக். தினம் தரமணில இறங்கி ஆபீஸ் போறவனுக்கு இங்க என்ன வேலைன்னு நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி நகர ஆரம்பிச்சுது, அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், பார்த்த அடுத்த செகண்ட் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

கிரீன்வேஸ் ரோட்டுல இறங்கி எதிர் வண்டிக்காக நின்னேன். அப்ப எனக்கு என்ன ஞாபகம் வந்துச்சு தெரியுமா? தி மேன் வித் தி ட்விஸ்டட் லிப், அந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை. ஆமா, பத்தாவது லீவுல பெரிய தெரு லெண்டிங் லைப்ரரில எடுத்து மாத்தி மாத்திப் படிச்சோமே, ஹோம்ஸோட சிநேகிதன் ஜான் வாட்சனை அவன் பொண்டாட்டி ஜேம்ஸ்னு கூப்பிடறான்னு நீ மூணு நாள் எங்கிட்ட சண்டை போட்டியே, அதே கதை. அதுல ஒரு அம்மா பார்சல் வாங்கிட்டு திரும்பி வர்றப்ப ஒரு மட்டமான சந்துல ரெண்டாவது மாடி ஜன்னல்ல தன் புருஷனைப் பார்ப்பா, காலர் இருக்காது, டை இருக்காது, கத்துவான், யாரோ உள்ள இழுத்த மாதிரி காணாம போயிடுவான். மேல போய்ப் பார்த்தா ஒரு பிச்சைக்காரன்தான் இருப்பான், பையனுக்கு வாங்கித் தர்றேன்னு சொன்ன விளையாட்டுக் கட்டை டப்பா மட்டும் கிடக்கும். அந்த டப்பாவைப் பார்த்ததும் அவ ஒரு கத்து கத்தி அது மேல பாய்வா. சின்ன வயசுல நான் அதைக் கவனிக்கவே இல்லை, உனக்கும் எனக்கும் ஆத்துச் சேத்துல கிடைச்ச அவ புருஷனோட கோட்டுப் பாக்கெட்டுல 421 பென்னி, 270 அரைப் பென்னி, அந்தக் கணக்குதான் பெருசா இருந்துச்சு.

திரும்பி வந்தப்ப அவன் அதே பெஞ்சுலதான் இருந்தான். டிபன் பாக்ஸ் மூடி இருந்துச்சு. கழுத்துல ஆபீஸ் நாடா, நீலக் கலர், அதோட நுனியை சட்டைப் பாக்கெட்டுக்குள்ள செருகி வெச்சிருந்தான். நான் ஒண்ணுமே கேக்கலை, அந்த நாடாவைப் பிடிச்சு வெளிய இழுத்தேன். நுனியில கார்டு இல்லடி. கொக்கி மட்டும் இருந்துச்சு. அது ஜூன் மாசமே வாங்கிட்டாங்கக்கான்னான்.

பதினேழு வருஷம் டெஸ்டிங்ல இருந்தவனை ஒரே மீட்டிங்ல முடிச்சுட்டாங்க. அன்னிலேர்ந்து தினம் எட்டு மணிக்கு வேளச்சேரில ஏறி, தரமணில இறங்காம கோட்டூர்புரம் வந்து, அண்ணா நூற்றாண்டு நூலகத்துல டிஎன்பிஎஸ்சி படிக்கற பசங்களுக்கு நடுவுல உட்கார்ந்து வேலைக்கு அப்ளை பண்றான். சாயங்காலம் ஆறரைக்கு வீடு. செட்டில்மென்ட் பணத்தைத் தனி அக்கவுண்டுல போட்டு, மாசக் கடைசி தேதி சம்பளம் மாதிரியே வீட்டு அக்கவுண்டுக்கு மாத்தறான், அதே தொகை, ஒரு ரூபா கூட மாறாம.

ஆகஸ்டுல ஒரு நாள் ராத்திரி பத்தரை வரைக்கும் போன் ஸ்விட்ச் ஆஃப், அவன் பொண்டாட்டி அழுதுட்டே எனக்குப் போன் பண்ணினா. இவர் இருபத்திநாலு மணி நேரம் ஆனாத்தான் போலீஸ்ல எடுத்துப்பாங்கன்னு சொல்ல, கீழ் வீட்டு வக்கீல் அப்படி ஒரு சட்டமே கிடையாது, உடனே கம்ப்ளெயின்ட் குடுக்கலாம்னார். ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போயிட்டோம், அப்பத்தான் அவன் வீட்டுக்கு வந்துட்டான்னு போன் வந்துச்சு. சார்ஜ் இல்லக்கான்னான், நாங்களும் நம்பினோம். ஒரு இன்டர்வியூ ஊத்திக்கிட்டு பீச்ல உட்கார்ந்திருந்தானாம். அன்னிக்கு ஒரு ராத்திரி காணாம போனான்னு ஓடினோம், அவன் ஜூன்லேர்ந்தே காணாமதான்டி போயிருக்கான், எங்க கண்ணு முன்னாடியே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு.

வீட்டுக்கு வந்து அந்தக் கதையை போன்லயே தேடித் திரும்பப் படிச்சேன். 1891 டிசம்பர்ல ஸ்ட்ராண்ட் பத்திரிகையில வந்ததாம். அதுல அந்தம்மா ஹோம்ஸ்கிட்ட சொல்வா, காணாம போன அன்னிக்குக் காலையில அவர் பெட்ரூம்ல கையை வெட்டிக்கிட்டார், டைனிங் ரூம்ல இருந்த எனக்கு அப்பவே ஏதோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சு ஓடினேன், அதனால அவர் உயிரோடதான் இருக்கார்னு. ஹோம்ஸே ஆள் செத்துட்டான்னு நினைச்சிருந்தார், அவ நினைச்சதுதான் சரி. ஆனா பாரு, காயம் பட்டா தெரியற அவளுக்கு, 1887ல கல்யாணம் ஆகி ரெண்டு வருஷமா புருஷன் தினம் லண்டன்ல மூஞ்சியில சாயம் பூசிக்கிட்டு பிச்சை எடுக்கறது தெரியலை. தம்பி பொண்டாட்டியும் அப்படித்தான், மாடிப்படியில அவன் இருமற சத்தத்தை வெச்சே நாளைக்கு ஜுரம் வரும்னு சொல்லி ரசம் வைக்கறவ. அவகிட்டதான் அஞ்சு மாசமா மறைச்சிருக்கான். பக்கத்துல இருக்கறவளுக்குத் தெரியாம இருக்க ஒரு மனுஷன் எவ்வளவு பாடுபட்டிருக்கணும்னு நினைச்சா எனக்கு நெஞ்சை அடைக்குது.

அந்தக் கதையில எனக்கு இப்ப ஒரு கோவம் உமா. ஹோம்ஸ் ராத்திரி பூரா அஞ்சு தலையணை மேல உட்கார்ந்து புகையிலை பிடிச்சுக் கண்டுபிடிச்சு, காலையில போலீஸ் செல்லுக்குப் போய் ஈர ஸ்பாஞ்சால பிச்சைக்காரன் மூஞ்சியைத் துடைச்சதும் எல்லாம் முடிஞ்சு போச்சு. தூக்குல போட்டாலும் பரவாயில்லை, பசங்களுக்கு இந்த அவமானம் தெரிய வேண்டாம்னு அவன் சொல்றான், அதைப் படிச்சுட்டு நான் அழுதேன். ஆனா அவன் வீட்டுக்குப் போய் பொண்டாட்டி எதிர்ல எப்படி நின்னான், முதல் வார்த்தை என்ன சொன்னான்? ஹோம்ஸ் டிபனுக்குக் கிளம்பிடறார்! எனக்கு வேண்டியது அந்த ஒரு சீன்தானே.

தம்பி ஞாயித்துக்கிழமை அவகிட்ட சொல்லிடறேன்னான், நீயும் பக்கத்துல இரு அக்கான்னான். முதல்ல சரின்னுட்டேன், அப்புறம் ராத்திரி யோசிச்சு வரலைன்னு மெசேஜ் போட்டேன். நாத்தனார் முன்னாடி அவ அழக்கூட முடியாது, கத்தக்கூட முடியாது. பசங்களை மட்டும் நான் கூட்டிட்டு வந்துடறேன்னு சொல்லியிருக்கேன். நான் செஞ்சது சரியா? உனக்குத் தப்புன்னு பட்டா சனிக்கிழமைக்குள்ள சொல்லிடு.

இன்னொண்ணு. உன் அண்ணனோட கம்பெனியில கோயம்புத்தூர்ல டெஸ்டிங் லீட் எடுக்கறாங்களான்னு கேளு. சம்பளம் கம்மின்னாலும் பரவாயில்லை. ரெஸ்யூமே நாளைக்கு அனுப்பறேன்.

அந்தப் பழைய புத்தகத்தை நீ திருப்பிக் குடுக்கவே இல்லையே, இன்னும் உங்கிட்டதானே இருக்கு? அந்தக் கதையோட கடைசி ரெண்டு பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பு. நான் போன்ல படிச்சதுல ஏதாவது விட்டுப் போயிருக்கான்னு பார்க்கணும்.

செல்வி