உப்புத்தண்ணி லூர் செட்டும் ரெண்டு மாச அலைச்சலும் – என்ர காசைத் திருப்பித் தாங்க

மனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். இது உங்களுக்கு நான் எழுதுற நாலாவது ஈமெயில். முதல் மூண்டுக்கும் "உங்கள் முறைப்பாடு பதிவு செய்யப்பட்டுள்ளது" எண்டு ஒரே பதில்தான் வந்தது, அதுவும் மிஷின் போடுற பதில். கஸ்டமர் கெயருக்கு பதினொரு தரம் கோல் எடுத்திருக்கிறன், போன்ல எல்லாம் நேரத்தோட இருக்கு, வேணுமெண்டா ஸ்கிரீன்ஷொட் அனுப்புறன். இனி ஏலாது எண்டுதான் இண்டைக்கு இருந்து முழுசா எழுதுறன், தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்க.

தைப்பொங்கல் லீவுக்கு முதல் உங்கட வெப்சைட்ல அந்த இன்ஷோர் சோல்ட்வோட்டர் செட்டை, அதாவது கரையோரக் கடலுக்கு எண்டு விக்கிற தூண்டில் செட்டை, ஓர்டர் பண்ணினன். எது எண்டு உங்களுக்கே தெரியும், நீல மூடிப் பெட்டி, 18 லூர் (தூண்டில்ல கட்டி எறியுற பொய் இரை), கூட ஃப்ரோசன் பெய்ட் பெக் (உறைய வைச்ச உண்மையான இரை). 24,750 ரூபா, டெபிட் கார்ட்ல கட்டினது, ஓர்டர் நம்பர் முந்தின மூண்டு ஈமெயில்லயும் இருக்கு. மகனுக்கு பன்னிரண்டு வயசு, இந்த சீசன்ல லூர் போடப் பழக்கித் தாறன் எண்டு சொல்லி வைச்சிருந்தன், அதுக்குத்தான் இவ்வளவு காசு போட்டு வாங்கினது. எங்கட மேற்குக் கரையில மே மாசம் தென்மேல் காத்து தொடங்கினா செப்டெம்பர் மட்டும் கரையில நிண்டு எறியுறது கஷ்டம், ஜனவரி பெப்ரவரி மார்ச்தான் கடல் அமைதியா இருக்கிற காலம். இப்ப மார்ச் நடுப்பகுதி. இந்த வருசத்துச் சீசன் முழுக்க உங்களால போச்சு.

பொருளைப் பற்றிச் சொல்ல முதல் உங்கட கஸ்டமர் கெயர்ல இருக்கிற அந்த ஆளைப் பற்றிச் சொல்லோணும், ஏனெண்டா எனக்கு நித்திரை வராமல் இருக்கிறது அதால. ஹூக் கறள் பிடிச்சிட்டுது எண்டு நான் மரியாதையாத்தான் சொன்னன், தம்பி எண்டுதான் கதைச்சன். அவர் என்னை முழுக்கச் சொல்லவே விடேல்ல, "சேர் முதல்ல மீன் பிடிக்கப் பழகுங்க, பிறகு லூர் வாங்குங்க" எண்டு சொல்லிப்போட்டு கட் பண்ணிட்டார். நான் ஒன்பது வயசில அப்பாவோட யாழ்ப்பாணம் குருநகர்ல நிண்டு தூண்டில் போடத் தொடங்கினவன். கொழும்புக்கு வந்து இருபத்தாறு வருசம், வெள்ளவத்தைக் கல்லிலயும் காக்கைத்தீவிலயும் பாணந்துறையிலயும் நிக்காத ஞாயிற்றுக்கிழமை குறைவு. என்னைப் பாத்து பழகுங்க எண்டு சொல்ல அவர் ஆர்? உங்கட கோல் எல்லாம் ரெக்கோர்ட் ஆகுது எண்டு நீங்கதானே முதல்ல சொல்லுறனீங்க, அதை எடுத்துக் கேளுங்க. பெப்ரவரி ரெண்டாவது கிழமை, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலேகாலுக்கு.

சரி, விசயத்துக்கு வாறன். பெட்டியில உப்புத்தண்ணிக்கு எண்டு பெரிசா அடிச்சிருக்கு. டிரெபள் ஹூக் (மூண்டு முனை உள்ள கொக்கி) எல்லாம் ரெண்டாம் தரம் கொண்டு போகேக்கயே கறள். ஒவ்வொரு தரமும் வீட்டுக்கு வந்து நல்லதண்ணியில கழுவித் துடைச்சு காய வைச்சுத்தான் பெட்டிக்குள்ள போட்டன், அதையும் உங்கட ஆளுக்குச் சொன்னன். கடலுக்கெண்டு செய்யிற ஹூக் தகரப் பூச்சுப் போட்டதா இருக்கும், இல்லாட்டி ஸ்டெயின்லெஸ் ஆ இருக்கும், கம்பியும் மொத்தம். நீங்க போட்டிருக்கிறது மெல்லிய கம்பியில மண்ணிறப் பூச்சு, அது குளத்து மீனுக்குப் போடுறது. அப்பா வாங்கின பழைய ரப்பாலா கொம்பனி லூர் ஒண்டு இன்னும் என்னட்ட இருக்கு, அதின்ர பெயின்ட் எல்லாம் உரிஞ்சு போச்சு, ஹூக்கை ஒருக்காத்தான் மாத்தினது, இப்பவும் தைரியமா எறிவன்.

இன்னொண்டு கேக்கிறன். அந்த செட்டுக்குள்ள ரெண்டு தவளை லூர் ஏன் வந்தது? தவளை விராலுக்குப் போடுறது ஐயா, தாமரையும் சல்வீனியாப் பாசியும் மூடின குளத்தில இலைக்கு மேலால இழுக்கிறது. கடல்ல எந்த மீன் தவளையைப் பாத்து வரும்? உங்கட சாமான் என்ன எண்டு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, தெரிஞ்சுகொண்டுதானே விக்கிறீங்க. குளத்துச் சாமான் மிஞ்சினதை நீல மூடி போட்டு உப்புத்தண்ணி எண்டு வித்திருக்கிறீங்க, அப்பிடித்தான் நான் நினைக்கிறன், இல்லையெண்டா எனக்கு எழுத்தில விளங்கப்படுத்துங்க.

சஸ்பெண்டிங் எண்டு போட்டிருக்கிற 9 சென்ரிமீற்றர் மினோ (சின்ன மீன் மாதிரி லூர்) ரெண்டும் இழுக்கிறதை நிப்பாட்டினா தண்ணிக்குள்ள அப்பிடியே நிக்கோணும். நிக்கேல்ல, மெல்ல மெல்ல மேல வருது. வீட்டில வாளியில நல்லதண்ணி விட்டுப் போட்டுப் பாத்தன், வடிவா நிண்டுது. நல்லதண்ணி ஒரு லீற்றர் ஆயிரம் கிராம், கடல்தண்ணி ஆயிரத்து இருபத்தைஞ்சு கிராம் வரும், அப்ப நல்லதண்ணிக்கு நிறை பாத்துச் செய்த லூர் கடல்ல மிதக்கத்தான் செய்யும். இதைவிட வேற ஆதாரம் வேணுமா? ஃப்ளோட்டிங் எண்டு நீங்க எழுதின மற்ற நாலும் கல்லு மாதிரித் தாழுது. வெள்ளவத்தையில ரயில் ரோட்டுக்கு அங்கால தண்ணிக்குள்ள எல்லாம் கல்லு, அங்க மிதக்கிறதைத்தான் எறியலாம். உங்கட பெட்டியில இருக்கிறதை நம்பி எறிஞ்சு முதல் நாளே ரெண்டு கல்லுக்குள்ள கொழுவி அறுந்து போச்சு, லீடரோட (லூருக்கு முன்னால கட்டுற மொத்த நூல்) சேத்து. இதைச் சொன்னதுக்கு இன்னொரு பிள்ளை சொன்னா "எல்லாம் ஒரே மாதிரித்தான் சேர், மீன் பாக்கிறதில்ல" எண்டு. மீன் பாக்கிறதில்லயாம்! களனி கங்கை மழைக்கு கலங்கி வரேக்க முகத்துவாரத்தில வெள்ளி நிறத்தைப் போட்டா ஒண்டும் தொடாது, பச்சை மஞ்சள், இல்லாட்டி கடுங் கறுப்பு, நல்லா ஆடிச் சத்தம் போடுறது வேணும், தெளிஞ்ச தண்ணியில அதே பச்சை மஞ்சளுக்கு மீன் விலகி ஓடும். இதெல்லாம் லூர் விக்கிற கடையில வேலை செய்யிற பிள்ளைக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லயா? அந்தப் பிள்ளையில எனக்குக் கோபம் இல்ல, அவ மரியாதையாத்தான் கதைச்சவ, கோபம் உங்களோடதான்.

இப்ப பாணந்துறைக் கதை. ஜனவரி கடைசி ஞாயிறு, விடியக் காலமை ரயில் எடுத்து நானும் மகனும் போனம். பொல்கொட தண்ணி கடலுக்கு இறங்குற வாய். எங்கட பக்கம் வத்துப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான், எண்டாலும் வத்துத்தண்ணி இழுக்கேக்க குஞ்சு மீனும் இறாலும் அதோட வெளிய அள்ளுப்பட்டு வரும், பாரையும் கொடுவாவும் வாயில காத்துக்கொண்டு நிக்கும், சரியா அந்த நேரத்துக்கு நிண்டம். மகன்தான் எறிஞ்சவன், உங்கட வெள்ளிப் பொப்பர், தண்ணிக்கு மேலால தெறிச்சு வாற லூர். மூண்டாவது எறிக்கு தண்ணி வெடிச்சுது, பாரை, நான் என்ர கண்ணால கண்டன், பத்துக் கிலோவுக்குக் குறையாது. ரீல் கத்துது, பிள்ளை கத்துறான், ட்ராக் (ரீல்ன்ர பிரேக்) எல்லாம் நான் சரியா வைச்சுக் குடுத்திருந்தன், 20 இறாத்தல் பிரெய்ட் (பின்னின நூல்), 40 இறாத்தல் லீடர், ஒண்டும் அறுகேல்ல. ஒரு நிமிசத்தில நூல் தொய்ஞ்சு போச்சு. இழுத்துப் பாத்தா டிரெபள் ஹூக்கில ரெண்டு முனை நிமிந்து நேரா நிக்குது, ஹூக்கை லூரில கொழுவுற ஸ்பிளிட் ரிங் வாய் விரிஞ்சு கிடக்கு. அவன்ர முதல் மீன் அது. வீட்ட வரும் வரைக்கும் ரயில்ல ஒரு கதையும் கதைக்கேல்ல, அதுக்குப் பிறகு ரெண்டு கிழமை கடற்கரைக்கு வாறியோ எண்டு கேட்டா வரேல்ல எண்டு சொல்லிட்டான். இதுக்கு நீங்க என்ன விலை போடுவீங்க?

அந்த ஹூக்கின்ர போட்டோ முதல் ஈமெயில்லயே அனுப்பியிருக்கிறன். அதைப் பாத்த பிறகும்தான் கஸ்டமர் கெயர்ல இருக்கிற அந்த ஆள் எனக்கு மீன் பிடிக்கப் பழகச் சொன்னவர்.

றப்பர் மீன்களைப் பற்றி மறந்திட்டன். ரெண்டு விதமான றப்பரை ஒரே தட்டுக்குள்ள போட்டு அனுப்பியிருக்கிறீங்க. இழுபடுற அந்தப் புது மாதிரி றப்பரும் வழமையான பிளாஸ்டிக் புழுவும் ஒண்டோட ஒண்டு பட்டா உள்ளுக்க இருக்கிற மெதுவாக்கிற எண்ணெய் ஊறி ரெண்டும் உருகி ஒட்டும், இது லூர் பாவிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், அதுக்காகத்தான் ஒவ்வொண்டையும் வந்த பைக்குள்ளயே வைக்கச் சொல்லுறது. மூண்டாம் நாள் திறந்து பாக்க எல்லாம் ஒரே பசை, பெட்டியின்ர தட்டும் சேந்து இளகிப் போச்சு. "சேர் வெயில்ல வைச்சிருப்பீங்க" எண்டு பதில். பெட்டி என்ர கட்டிலுக்குக் கீழ இருந்தது ஐயா, அந்த அறைக்கு வெயிலே வாறதில்ல.

பெய்ட் பெக்கைப் பற்றி எழுதவே மனம் வரேல்ல. ஃப்ரோசன் எண்டு வித்த கணவாயையும் இறாலையும் சாதாரண கூரியர்ல ரெண்டு நாள் அலைய விட்டு அனுப்பியிருக்கிறீங்க, ஐசும் இல்ல ரெஜிஃபோம் பெட்டியும் இல்ல. ஃப்ளெட்ஸ்ல கீழ செக்யூரிட்டியிட்ட வைச்சிட்டுப் போக தண்ணி ஒழுகி லிஃப்ட் முழுக்க நாத்தம், கீழ் வீட்டு அன்ரி வந்து என்ர மனிசியோட சண்டை. கணவாய் எண்டா இறுக்கமா இருக்கோணும், அதாலதானே அதைப் போடுறது, சின்ன மீன் கொத்தினாலும் ஹூக்கில நிக்கும். ஒருக்கா உருகிக் குழைஞ்சது எறியேக்கயே கழண்டு பறக்கும். காலமை மாக்கெட்ல பச்சைக் கணவாய் அரைக் கிலோ வாங்கியிருந்தா இந்தக் கரைச்சலே இல்ல.

அடுத்தது வத்தளை ஸ்டோருக்குப் போன கதை. பெட்டியைக் கையில கொண்டு வந்தா உடன மாத்தித் தருவம் எண்டு உங்கட ஆக்கள்தான் நாள் குறிச்சுத் தந்தவை. அது போயா நாள், பௌர்ணமி லீவு எண்டு எனக்குத் தெரியும், அதால ரெண்டு தரம் கேட்டன், போயாவாச்சே திறந்திருக்குமோ எண்டு, "ஸ்டோர் போயாவுக்கும் வேலை சேர், பன்னிரண்டுக்கு முதல் வாங்க" எண்டு சொன்னவை. வெள்ளவத்தையில 100ம் நம்பர் பஸ் எடுத்து புறக்கோட்டை, அங்க இருந்து இன்னொரு பஸ், பிறகு த்ரீவீல், உச்சி வெயில், கையில உருகின றப்பர் ஊத்தையோட பெட்டி. கேட் பூட்டு. செக்யூரிட்டி ஐயா பாவம், எனக்குக் குடிக்கத் தண்ணி தந்து சிங்களத்தில சொன்னார், போயாவுக்கு ஒரு நாளும் திறக்கிறதில்ல, இந்தக் கிழமை நீங்க மூண்டாவது ஆள் எண்டு. அந்த இடத்தில நிண்டு கஸ்டமர் கெயருக்கு அடிச்சன், ஒருத்தரும் எடுக்கேல்ல. பிறகு ஒரு வேலை நாள் ஹாஃப் டே லீவு போட்டு திருப்பியும் போனன், "ஒன்லைன்ல வாங்கினதை இங்க மாத்த ஏலாது, கஸ்டமர் கெயரோட கதையுங்க" எண்டு அனுப்பிவிட்டாங்க. கஸ்டமர் கெயருக்கு அடிக்க வந்தது ஆர் தெரியுமோ, அதே ஆள். "நீங்களா சேர்" எண்டு சிரிக்கிறார்.

நான் சண்டைக்காரன் இல்ல. உங்கட கடையில நாலு வருசமா வாங்குறன், போன வருசம் வாங்கின ஜிக் ஹெட் (ஈயத் தலை வைச்ச ஹூக்) எல்லாம் நல்லாத்தான் இருந்தது, என்ர கூட்டாளிமாருக்கும் உங்கட கடையைத்தான் சொல்லியிருக்கிறன். அதால இப்பவும் தன்மையாத்தான் கேக்கிறன். 24,750 ரூபாவையும் கூரியர் காசையும் திருப்பித் தாங்க. வேற லூர் மாத்தித் தாறம், வவுச்சர் தாறம் எண்டு சொல்லாதீங்க, எனக்கு வேண்டாம். வெப்சைட்ல இருக்கிற அந்த செட்டில உப்புத்தண்ணி எண்ட சொல்லை எடுங்க, என்னை மாதிரி இன்னொரு தகப்பன் பிள்ளைக்கெண்டு வாங்கி ஏமாறக்கூடாது. அந்த ஆள் என்னட்ட மன்னிப்புக் கேக்கோணும், ஈமெயில்ல இல்ல, கோல் எடுத்து வாயால. அறுந்த லூர், லீடர், பஸ் காசு, த்ரீவீல் காசு, லீவு, வீணாப்போன சீசன், மகன்ர மனவருத்தம் எல்லாத்தையும் சேத்தா என்ர நட்டம் ஒரு இலட்சத்துக்குக் கிட்ட வரும், அதை நான் கேக்கேல்ல, இப்போதைக்குக் கேக்கேல்ல.

வாற வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள்ள பதில் வராட்டி திங்கட்கிழமை காலமை பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில போகும், அவையின்ர 1977 நம்பருக்கு ஏற்கனவே அடிச்சு என்னென்ன கொண்டு வரோணும் எண்டு கேட்டு வைச்சிருக்கிறன். பில், நிமிந்த ஹூக், கறள் ஹூக், உருகின தட்டு, கோல் எடுத்த நேரங்கள் எல்லாம் ஒரு ஃபைல்ல ரெடி. கார்ட் பேங்க்குக்கும் அறிவிப்பன். நாலு வருசக் கஸ்டமரை இந்த இடத்துக்குக் கொண்டு வந்தது நீங்கதான். அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்ல ஐயா, நீங்க நேர ஒரு கோல் எடுத்தாலே முடியிற விசயம்.

பெட்டியைத் திருப்பி எடுக்கிறதெண்டா உங்கட செலவில ஆள் அனுப்புங்க, வேலை நாள்ல பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு, வர முதல் கோல் எடுக்கச் சொல்லுங்க, செக்யூரிட்டியிட்ட நான் ஒண்டும் வைக்கமாட்டன். கல்லுல போன ரெண்டு லூரும் பெட்டிக்குள்ள இருக்காது, அதைக் கணக்குப் பாத்து காசில குறைக்கிற வேலை வேண்டாம். பெய்ட் பெக்கையும் கேக்காதீங்க, அது வந்த அண்டைக்கே குப்பைக்குப் போயிட்டுது.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து உங்கட கஸ்டமர்