ஒத்திகை மின்தடைக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த 1942 பிப்ரவரி 15ஆம் தேதியை நினைவில் கொண்டு, ஆண்டுதோறும் அந்நாளை முழுமைத் தற்காப்பு நாளாகக் கடைப்பிடித்து வருகிறோம். 2024 முதல் அதையொட்டி ‘எஸ்ஜி ரெடி’ என்னும் நாடளாவிய பயிற்சியும் நடைபெறுகிறது. மின்சாரமும் தண்ணீரும் தடைப்பட்டால் பள்ளிகளும் நிறுவனங்களும் எப்படி இயங்கும், போலி மின்னஞ்சல் வந்தால் ஊழியர்கள் அதை அடையாளம் கண்டுகொள்வார்களா என்பனவெல்லாம் அதில் ஒத்திகை பார்க்கப்படுகின்றன. இந்த முயற்சியைக் குறைகூறுவதற்காக நான் எழுதவில்லை. 1984ல் முழுமைத் தற்காப்பு வகுக்கப்பட்டபோது ராணுவம், குடிமை, பொருளியல், சமூகம், உளவியல் என அதற்கு ஐந்து தூண்கள் இருந்தன. 2019ல் மின்னிலக்கம் ஆறாவதாகச் சேர்ந்தது. இவற்றுள் பொருளியலுக்கும் சமூகத்திற்கும் நாம் ஒத்திகை பார்ப்பது மிகக் குறைவு. ஆனால் 1985ன் பொருளியல் மந்தம், 1997ன் ஆசிய நிதி நெருக்கடி, 2003ன் சார்ஸ் கிருமிப்பரவல், 2008ன் உலக நிதி நெருக்கடி, 2020ன் கொவிட்-19 என இத்தீவு சந்தித்த பெரும் சோதனைகள் அனைத்தும் மக்களின் சம்பளத்தையும் அவர்கள் ஒருவர்மீது ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையையும்தான் முதலில் பதம் பார்த்தன.

பொருள்களைச் சேர்த்துவைப்பதில் நம் நாட்டின் முன்யோசனை மெச்சத்தக்கது. உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருவதால் வேறு வழியும் இல்லை. நம் வீட்டு அரிசியையே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளை அரிசி, பாஸ்மதி, புழுங்கல் அரிசி ஆகியவற்றோடு பொன்னி அரிசியும் நாட்டின் அரிசி இருப்புத் திட்டத்தில் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இவற்றைத் தருவிக்கும் இறக்குமதியாளர், மாதந்தோறும் கொண்டுவர ஒப்புக்கொண்ட அளவைப் போல இரு மடங்கைக் கிடங்கில் எப்போதும் இருப்பாக வைத்திருக்க வேண்டும். 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்து, அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரியும் போட்டபோது, ஒரு பை வாங்க வந்தவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாக எடுத்துச் சென்றார்கள். இருந்தும் இங்கே அரிசிக்குப் பஞ்சம் வரவில்லை. கிடங்கில் இருப்பு இருந்தது. தாய்லாந்து, வியட்நாம் அரிசியும் வந்துகொண்டிருந்தது. புதுடெல்லியுடன் பேசியதன் பயனாக 50,000 டன் அரிசிக்கு விலக்கும் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோதும் இதே கதைதான். உயிர்க்கோழிக்குப் பழகிய சிக்கன் ரைஸ் கடைக்காரர்கள் முகம் சுளித்துக்கொண்டே உறைகோழிக்கு மாறினார்கள். இந்தோனீசியாவிலிருந்து கோழி வரவும் வழி திறக்கப்பட்டது.

கிடங்கு நிறைந்திருந்தும் கடையில் தட்டுகள் காலியான நாளும் ஒன்று உண்டு. 2020 பிப்ரவரி 7ஆம் தேதி, கொவிட்-19 காரணமாக நோய்ப்பரவல் விழிப்புநிலை, உச்சமான சிவப்புக்கு அடுத்த ஆரஞ்சு நிறத்துக்கு உயர்த்தப்பட்ட அன்று மாலையே பேரங்காடிகளில் அரிசி, உடனடி நூடல்ஸ், கழிவறைத் தாள் எல்லாம் வாரிச் செல்லப்பட்டன. போதிய இருப்பு இருக்கிறது என்று அமைச்சர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது உண்மையும்கூட. ஆனால் தள்ளுவண்டி நிறைய அரிசியோடு ஒருவர் போவதைக் கண்ணால் பார்த்தவர், அமைச்சர் சொன்னதைவிட அந்த வண்டியைத்தான் நம்பினார். இரண்டு நாளில் ஃபேர்பிரைஸ் பேரங்காடி, ஒருவருக்கு அரிசி இரண்டு பை, நூடல்ஸ் நான்கு கட்டு என்று கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. சமூகத் தற்காப்பு என்று நாம் ஏட்டில் எழுதிவைத்திருப்பதற்கு நடைமுறையில் வந்த தேர்வு அதுதான். அதில் நாம் வாங்கிய மதிப்பெண் உயர்ந்ததென்று சொல்ல முடியாது.

நிதிக்கு வருகிறேன். முந்தைய அரசாங்கங்கள் சேர்த்த இருப்பை, அதிபரின் ஒப்புதலின்றி இன்றைய அரசாங்கம் தொட முடியாது. 2009ல் அதிபர் எஸ் ஆர் நாதன் முதன்முறையாக அந்தப் பூட்டைத் திறக்கச் சம்மதித்து 4.9 பில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒப்புதல் அளித்தார். அதில் 4 பில்லியன் பயன்படுத்தப்பட்டு, 2011ல் திருப்பிச் செலுத்தப்பட்டது. ஊழியர் சம்பளத்தின் முதல் 2,500 வெள்ளியில் 12 விழுக்காட்டை அரசாங்கமே முதலாளிகளுக்குக் கொடுத்ததால், ஆட்குறைப்புக்கு ஆளாகியிருக்கக்கூடிய பலர் வேலையில் நீடித்தார்கள். கொவிட்-19 காலத்திலோ மூன்று நிதியாண்டுகளில் சுமார் 40 பில்லியன் வெள்ளி எடுக்க நேர்ந்தது. கடன் வாங்கியும் வரி உயர்த்தியும் பல நாடுகள் திண்டாடிய வேளையில் நாம் சொந்தப் பணத்தில் சமாளித்தோம் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. மொத்த இருப்பு எவ்வளவு என்று குடிமக்களுக்குச் சொல்லப்படாதது குறித்து இரண்டு பக்கமும் நியாயங்கள் உள்ளன. அதை வேறொரு கடிதத்திற்கு விட்டுவிடுகிறேன்.

நாட்டின் இருப்பு அப்படி. வீட்டின் இருப்பு எப்படி என்று கேட்டால்தான் கவலை தொடங்குகிறது. 1986ல், ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு (மசேநிதி) முதலாளி செலுத்தும் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு ஒரேயடியாகக் குறைக்கப்பட்டது. 1999ல் 20 விழுக்காட்டிலிருந்து மறுபடியும் 10 விழுக்காடானது. நிறுவனங்கள் பிழைத்தன, வேலைகள் தப்பின, சரிதான். ஆனால் வீட்டுக் கடனின் மாதத் தவணையை மசேநிதியிலிருந்தே கட்டிவந்த குடும்பங்களில் பல, விழுந்த துண்டைக் கைக்காசு போட்டுச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தைப் பெற்ற தலைமுறைக்கு இப்போது எழுபது வயதாகிறது. அவர்களுடைய பிள்ளைகளோ, வீட்டுக் கடன், பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு, பெற்றோரின் மருத்துவச் செலவு, இல்லப் பணிப்பெண்ணின் சம்பளம் என எல்லாவற்றையும் இரண்டு சம்பளங்கள் தவறாமல் வரும் என்ற கணக்கில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு சம்பளம் நின்றால் மூன்றாவது மாதத்தில் எந்தத் தவணை முதலில் தவறும் என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்த குடும்பங்கள் எத்தனை இருக்கும்?

2025 ஏப்ரலில் தொடங்கிய, வேலை தேடுவோருக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஆதரவுத் திட்டத்தை இந்த வகையில் ஒரு திருப்புமுனையாகவே கருதுகிறேன். தன் விருப்பமின்றி வேலையிழந்தவருக்கு ஆறு மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கிறது. அதற்கு அவர் விண்ணப்பம் அனுப்புவது, பயிற்சிக்குச் செல்வது போன்றவற்றால் மாதந்தோறும் புள்ளிகள் சேர்க்க வேண்டும். வேலையில்லாதவருக்குப் பணம் கொடுத்தால் சோம்பேறித்தனம் வளரும் என்று பல்லாண்டுகள் தயங்கிய நாடு இந்த அளவுக்கு வந்ததே பெரிது. எனினும் மாதம் சராசரியாக 5,000 வெள்ளிக்கு மேல் சம்பாதித்தவருக்கு இதில் இடமில்லை. ஐம்பது வயதில், 7,000 வெள்ளி வாங்கிக்கொண்டிருந்த அலுவலக வேலை போய், வீட்டில் அவர் ஒருவரே சம்பாதிப்பவர் என்றால், அவர் சாய்ந்துகொள்ளத் தூண் எது? 2020ல் வீட்டுக் கடன் தவணையைத் தள்ளிப்போட வங்கிகளும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் (வீவக) சில வாரங்களில் ஏற்பாடு செய்தன. அவசரத்தில் கோத்த அந்த ஏற்பாட்டை, குறிப்பிட்ட நிலை வந்தால் தானாகவே நடைமுறைக்கு வரும் நிரந்தர விதியாக ஆக்கி, இப்போதே மக்களுக்கு அறிவித்துவைத்தால் என்ன? ஒரே வாரத்தில் சில ஆயிரம் பேர் வேலையிழந்தால் மனிதவள அமைச்சு, தொழிற்சங்கம், வங்கிகள், குடும்பச் சேவை நிலையங்கள் ஆகியவற்றில் யார் யாரை முதலில் தொலைபேசியில் அழைப்பது என்பதற்கும் ஓர் ஒத்திகை வைக்கலாம். மின்தடைக்கு வைக்க முடிகிறபோது இதற்கும் முடியும்.

கணக்கில் வராதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ் வாசகர்களாகிய நமக்கு இது அடுத்தவர் பிரச்சினை அன்று. 2020ல் முகக்கவசம் வீடு வீடாகக் கணக்கிட்டு வழங்கப்பட்டுக்கொண்டிருந்த அதே வேளையில், கிருமி வெளிநாட்டு ஊழியர் விடுதிகளுக்குள் நுழைந்துவிட்டது. சுமார் 323,000 வெளிநாட்டு ஊழியர்கள் விடுதிகளில் இருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது டிசம்பரில் வெளிவந்த விவரங்களில் தெரிந்தது. அறுப்புக் கூலிக்குப் போன மாதிரி எண்ணி, இரண்டு வருடத்தில் ஊர் திரும்பிவிடலாம் என்று புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்த இளைஞர்கள், மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியேற முடியாமல் இருந்தார்கள். பின்னர் அவர்களுக்கு மருத்துவமும் உணவும் சம்பளமும் கிடைக்க அரசாங்கம் பெருமுயற்சி எடுத்தது. பழைய விடுதிகளிலும் 2030க்குள் ஓர் அறையில் 12 பேருக்கு மேல் தங்கக்கூடாது என்ற விதியும் வந்துள்ளது. வரவேற்கிறேன். ஆனால் ஒரு நாட்டின் தயார்நிலை என்னும் பட்டியலில், அந்நாட்டின் கட்டடங்களைக் கட்டுகிறவர்களின் பெயர் நெருக்கடிக்குப் பிறகுதான் எழுதப்பட்டது என்பதை மறந்துவிடக்கூடாது. இனி நடக்கும் ஒவ்வொரு பயிற்சியிலும் விடுதிகள் இடம்பெற வேண்டும். அறிவிப்புகள் தமிழிலும் வங்காளத்திலும், படித்தால் புரிகிற நடையில், முதல் மணி நேரத்திலேயே போய்ச் சேர வேண்டும்.

நாம் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குகளுக்குள் நிலைமை என்ன? கடைகளில் பொருள் வாங்க வீடுதோறும் தரப்படும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகள் வழங்கப்பட்ட ஒரு சமயம், எங்கள் சமூக மன்றத்தில் தொண்டூழியராக மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தேன். பற்றுச்சீட்டை மற்றவர்கள் கைப்பேசியில் வீட்டிலிருந்தபடியே பெற்றுக்கொள்ள, வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் எழுபது வயதைக் கடந்தவர்கள். ஒரு பாட்டி, கைப்பேசியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்திருந்தார். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸின் மறைச்சொல் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் மகனுக்கு என்றார். மகன் பெர்த்தில் இருக்கிறார். தாளில் அச்சடித்துக் கொடுத்ததும், ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, “கீழே இருக்கிற காய்கறிக்கடைக்காரன் இதை வாங்கிக்குவானா தம்பி?” என்று கேட்டார். பதினோராவது மாடியில் தனியாக இருப்பதாகச் சொன்னார். பக்கத்து வீட்டில் யார் என்றதற்கு, புதிதாக வந்திருக்கிறார்கள், பெயர் தெரியாது என்றார்.

அந்தப் பாட்டியின் புளோக்கில் மின்சாரம் நீண்ட நேரம் இல்லாமல் போனால் மின்தூக்கி நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். உயர்மாடிகளுக்குத் தண்ணீர் கூரைத் தொட்டியிலிருந்துதான் வருகிறது, அந்தத் தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றுவதும் மின்சாரமே என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 2018 செப்டம்பரில் ஒரு நள்ளிரவுக்குப் பின் தீவின் பல பகுதிகளில் மின்சாரம் போனபோது ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்துவிட்டார்கள். ஒரு நாள் முழுதும் நீடித்திருந்தால், பதினோராவது மாடிக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோகப் போகிறவர் யார்? வசிப்போர் குழுவும் முதியோருக்கான துடிப்பாக மூப்படைதல் நிலையமும் இருக்கின்றன; ஆனால் அவற்றின் கதவும் மாலையில் பூட்டப்படுகிறது. அன்றிரவு உதவக்கூடியவர் அதே மாடியில் நான்கு கதவு தள்ளி இருப்பவர்தான். அவர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம், சென்ற மாதம் வாடகைக்கு வந்த வெளிநாட்டவராகவும் இருக்கலாம். பல இனத்தவரும் ஒரே புளோக்கில் குடியிருக்க வேண்டும் என்று 1989ல் விதி செய்த நாடு இது. பக்கத்தில் குடியமர்த்தியாயிற்று, அறிமுகம் செய்துவைக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

ஆகவே அடுத்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமையைப் பொருளியல், சமூகத் தூண்கள் இரண்டிற்குமாக ஒதுக்கும்படி சம்பந்தப்பட்ட அமைச்சுகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அன்று ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு மாடிக்கும் ஒருவர் பொறுப்பேற்று, தம் மாடியில் உள்ள வீடுகளின் கதவைத் தட்டி, தனியாக இருப்பவர், படுத்த படுக்கையாக இருப்பவர், உயிர்வாயு இயந்திரத்தை நம்பியிருப்பவர் யார் யார் என்று அவரவர் சம்மதத்துடன் குறித்துக்கொள்ளட்டும். அதே நாளில் சமூக மன்றங்களில், சம்பளம் நின்றால் என்ன செய்வது என்று குடும்பங்கள் கணக்குப் பார்க்க, தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளிலும் பேசக்கூடிய ஆலோசகர்கள் இருக்கட்டும். பயிற்சி முடிந்தபின் எத்தனை பள்ளிகளும் நிறுவனங்களும் பங்கேற்றன என்ற எண்ணிக்கையோடு, எத்தனை கதவுகள் தட்டப்பட்டன, எத்தனை திறக்கப்படவே இல்லை என்ற விவரத்தையும் நகரவாரியாக வெளியிட வேண்டும். திறக்கப்படாத கதவுகள் எந்த வட்டாரத்தில் அதிகமோ, அடுத்த ஆண்டின் ஆள்பலத்தையும் பணத்தையும் அங்கே கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்